ஆள் கிளம்பியாச்சு

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் மணி பட்டனை அமுக்கினால், அது என் காதில்தான் அடிக்கும். எங்கள் கம்பெனி பார்த்துக்கொள்ளும் அத்தனை லிஃப்டுக்கும் சேர்த்து ஒரே அறை. ஜன்னல் கிடையாது. எடுத்தவுடன் நாங்கள் சொல்ல வேண்டியது, "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு." அந்த நேரம் மெக்கானிக் டீக்கடையில் நின்றுகொண்டிருப்பார். இல்லையென்றால் ஊரின் மறுகோடியில் வேறொரு லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். இருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டால்தான் உள்ளே இருப்பவருக்கு மூச்சு வரும்.

இதை ஒருமுறை மனைவியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அதிலிருந்து நான் ஊருக்கு வருகிறேன் என்று எப்போது சொன்னாலும், "ஆபீஸ் கிளம்பியாச்சா, நிஜக் கிளம்பியாச்சா?" என்று கேட்பாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

எனக்கு ஒரே ஒரு திரை. இன்னொன்று கேட்டதற்கு எங்கள் சார், "இருக்கிறதுலயே நாலு டெஸ்க்டாப் போட்டுக்கோ, யாரு வேணாம்னா?" என்றார். போட்டுக்கொண்டேன். ஒரு பட்டனைத் தட்டினால் அதே திரையில் அடுத்த டெஸ்க்டாப் வரும். ஒன்றாவதில் லிஃப்ட் அழைப்புகளும் கேமராவும். இரண்டாவதில் மெக்கானிக்குகள் புள்ளி புள்ளியாக நகரும் மேப். மூன்றாவதில் ஆபீஸ் கடுதாசிகள். நான்காவது வீடு. சாரின் ஷூ சத்தம் கேட்டால் ஒரு தட்டு. வீடு காணாமல் போய்விடும்.

பக்கத்து இருக்கைக்காரர் வாயை மூடவே மாட்டார். அதனால் அவருக்கு ரேடியோ என்று பெயர். "நாலு வீடு கட்டிட்ட. குடியிருக்கிறது என்னவோ கால் ஆடுற ஒரு நாற்காலியில" என்பார்.

அன்றைக்கு மூன்றாவது டெஸ்க்டாப்பில் என் ஒப்பந்தம் திறந்து கிடந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிப்பு. கீழே இடது பக்கம் 'விலகுகிறேன்', வலது பக்கம் 'சம்மதம்'. ஷிஃப்ட் முடிவதற்குள் ஏதாவது ஒன்றை அமுக்க வேண்டும்.

"ரெண்டையும் அமுக்கலேன்னா சார்?"

"சம்மதம்னு எடுத்துக்குவோம்."

போன தடவை நான் எதையும் அமுக்கவில்லை.

இந்த முறை மனைவி விடவில்லை. "நீங்க அமுக்கும்போது உங்க மூஞ்சியை நான் பார்க்கணும்" என்று வீடியோவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஊரில் என் அண்ணன் வீட்டில் எங்களுக்கென்று இருப்பது ஒரு அறை. அண்ணி காதில் விழாமல் பேச வேண்டும் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலுக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். பின்னால் சாம்பல் நிறத்தில் பீரோக் கதவு, தலைக்கு மேலே வெள்ளை விளக்கு.

வேலைக்காக நான் டெஸ்க்டாப் மாற்றும்போதெல்லாம் அவள் மறைந்துபோனாள். "எங்க போயிட்டீங்க?" என்ற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதனால் அவள் விண்டோவைச் சின்னதாக்கி, 'எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டு' என்று போட்டுவிட்டேன். நான்கிலும் கீழே வலது மூலையில் ஒட்டிக்கொண்டாள். சார் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மணி அடித்தது.

அவசரமாக அவள் சத்தத்தைக் குறைத்தேன். என் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன்.

லிஃப்ட் கேமராவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா தெரிந்தார். இரண்டு கையாலும் கதவைப் பிளக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவைத் தொடாதீங்கம்மா. பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு."

"நான் பல் டாக்டர். மேல ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு!"

"அவர் மூடிக்குவாரும்மா. நீங்க முதல்ல கீழ உட்காருங்க."

"கிண்டலா? எனக்கு மூச்சு முட்டுது. லைனை வெச்சிடாதீங்க!"

"வைக்க மாட்டேன். நான் இங்கயேதான் இருக்கேன். உங்களை விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன். பேசிக்கிட்டே இருங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

மேப்பைப் பார்த்தேன். பக்கத்துப் புள்ளி அசையவே இல்லை. போன் போட்டு மெக்கானிக்கைக் கிளப்பினேன். அவர் போய்ச் சேரும்வரை டாக்டரம்மாவின் மாடி வீட்டுக்காரர், அவர் வளர்க்கும் நாய், அது கடித்தவர்கள் என்று எல்லாக் கதையும் கேட்டேன். கதவு திறந்ததும் அவர் கேமராவைப் பார்த்து, "தம்பி, பேசியே என்னை உசிரோட வெச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மனைவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள்.

"அது வேலைம்மா. யாரா இருந்தாலும் அப்படித்தான் பேசணும்."

"விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்னீங்க. முன்னப்பின்ன தெரியாத பொம்பளைகிட்ட."

டாக்டரம்மாவின் அழைப்பை 'முடிந்தது' என்று குறித்தேன்.

"கோபத்துல கேக்கலங்க. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். உங்க காதுல மணி அடிக்கணும்னா நான் எந்தப் பட்டனை அமுக்கணும்?"

ஷூ சத்தம் கேட்டது.

கை பழக்கத்தில் தட்டிவிட்டது. இரண்டாவது டெஸ்க்டாப். மேப்பின் மூலையில் அவள். மறுபடி தட்டினேன். ஒப்பந்தத்தின் மேல் அவள். இன்னொரு தட்டு. வீடு, அங்கே அவள் இருப்பது சரிதான். அடித்துப்பிடித்து ஒன்றாவதற்குத் திரும்பி வந்தேன். என்னைப் பார்த்தபடி அதே மூலையில் அவள். நான் போட்டுவிட்ட 'எல்லா டெஸ்க்டாப்பிலும்' அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குள் சார் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

சாம்பல் நிறக் கதவையும் வெள்ளை விளக்கையும் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளையும் உற்றுப் பார்த்தார்.

"எந்தக் கட்டடம்?"

லிஃப்ட் கேமரா என்று நினைத்துவிட்டார். ஏதாவது ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணன் வீடு சார்."

"அங்க லிஃப்ட் இருக்கா?"

"இல்ல சார். மாட்டிக்கிட்டாங்க."

"எவ்ளோ நேரமா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து சார்."

ரேடியோ நின்றுபோனது. சார் குனிந்து இன்னொரு முறை திரையைப் பார்த்தார். மனைவி சேலையைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம் சார்" என்றாள். சாரும் என்ன செய்வதென்று தெரியாமல் வணக்கம் சொன்னார்.

பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "வேலை நேரத்துல இதென்ன? யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லு, முடிச்சுவிடு" என்றார்.

"வேற ஆள் இல்ல சார். நான்தான் போகணும்."

அவருக்குப் புரிந்தது. "ஓ, விலகுறதுதான் உன் பதிலா? சரி. ஆனா ஒண்ணு. அமுக்கின உடனே கதவு திறந்துடாது. உன் நாற்காலிக்கு ஒருத்தன் வர்ற வரைக்கும் நீ இங்கதான்."

"எப்ப வருவாங்க சார்?"

சார் நடக்க ஆரம்பித்துவிட்டார். "ஆள் கிளம்பியாச்சுன்னு வெச்சுக்கோ" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார். ரேடியோ சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மூன்றாவது டெஸ்க்டாப்புக்குப் போனேன். வலது மூலையில் மனைவியின் விண்டோ 'சம்மதம்' பட்டன்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் நகர்ந்துவிடும். நான் இழுக்கவில்லை. இடது பக்கம் மவுஸைக் கொண்டுபோய் அமுக்கினேன். 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது.

"அமுக்கிட்டீங்களா?"

"ம்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "இது எந்தக் கிளம்பியாச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மணி அடித்தது. கேமராவில் மூன்று பேர், நடுவில் ஒரு சோபா. அவள் சத்தத்தை நான் குறைக்கவில்லை. என் மைக்கையும் அணைக்கவில்லை.

"பயப்படாதீங்க," என்றேன். "ஆள் கிளம்பியாச்சு."