கரோலினுக்காக ஒரு ஜெபம்

கெசியாவுக்குப் பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால், பைபிளின் மேல் அடித்து இல்லையென்று சத்தியம் செய்திருப்பாள். ஆனால் கரோலின் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது. காலையில் தின்ற இட்லி மதியம்வரை எரிந்தது. இதற்கு வேறு பெயர் இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

அவிநாசி சாலையில் இருந்த அந்தக் கல்லூரியில் புதன்கிழமை மதியம் மாணவர் ஜெபக்குழு கூடும். முதல் வருடம் முதல் வாரத்திலிருந்து அங்கே பாய் விரித்தவள் கெசியா. பாட்டுத்தாள் ஜெராக்ஸ் எடுத்தது, புதுப் பிள்ளைகளை ஹாஸ்டலிலிருந்து இழுத்து வந்தது, முகாமில் எச்சில் தட்டுக் கழுவியது எல்லாம் அவள்தான். கரோலின் குழுவுக்கு வந்ததே போன ஜூலையில். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். நாலு பாட்டுப் பாடினாள், நாற்பது பேர் எண்பது பேரானார்கள். எல்லார் வாயிலும் கரோலின், கரோலின்.

இப்போது இரண்டு பேரும் இரண்டாம் வருடம் முடிக்கப்போகிறார்கள். அடுத்த வருடத்துக்கு மாணவர் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவராக வருபவரின் கடைசி வருடக் கட்டணத்தைப் பழைய மாணவர்களின் அறக்கட்டளை கட்டிவிடும். விண்ணப்பம் போட்டவர்கள் இரண்டே பேர்: கெசியா, கரோலின்.

கருமத்தம்பட்டியில் கெசியாவின் அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். அம்மா தினமும் போனில் அதையே கேட்பாள்.

"ஏங்கண்ணு, அந்த ஸ்காலர்ஷிப் என்னாச்சு? அது வந்தாத்தான் உன்ற படிப்பு முடியும், பாத்துக்க. இல்லீன்னா பனியன் கம்பெனிக்குப் போகோணும்னு அப்பா சொல்லிப்போட்டாரு."

கரோலினுக்கு என்ன குறை? போத்தனூரிலிருந்து அவள் அப்பா வெள்ளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இந்த ஒரு மாதமாகப் பஸ்ஸில் வருகிறாள். கேட்டால் கார் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்பாள். "இவளுக்கெல்லாம் எதுக்கு ஸ்காலர்ஷிப்பு?" என்று ஆண்டவரிடமே கேட்டுவிட்டாள் கெசியா.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் மனப்பாரத்தைப் பேர் போடாமல் ஒரு சீட்டில் எழுதி, சுற்றிவரும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார்கள். பிறகு ஆளுக்கொரு சீட்டு எடுத்து, ஒரு வாரம் தனியாக ஜெபிக்க வேண்டும். யாருடையதென்று தெரிந்தாலும் வெளியே மூச்சு விடக்கூடாது. ஜெபம் பலித்தால், ஜெபித்தவர் எல்லார் முன்னும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும்.

அந்தப் புதன்கிழமை கெசியா எடுத்த சீட்டில் இப்படி இருந்தது: "அப்பா மறுபடி குடிக்கிறார். டிரைவர் வேலை போய்விட்டது. முதலாளி காரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இது யாருக்கும் தெரியாமல் இருக்க ஜெபியுங்கள்."

எழுத்துகளின் மேல் புள்ளிக்குப் பதிலாகக் குட்டிக் குட்டி வட்டம். கரோலின் எழுதிக் கொடுத்த பாட்டுத்தாளை நூறு தடவை ஜெராக்ஸ் எடுத்தவளுக்கு அந்தக் கையெழுத்து தெரியாதா?

முதலில் பாவமாக இருந்தது. அது ஒரு நிமிடம். அடுத்த நிமிடம் வந்தது சந்தோஷம், உச்சி குளிரும் அளவுக்குச் சந்தோஷம். குடிகாரன் மகளையா ஜெபக்குழுவுக்குத் தலைவராக்குவார்கள்? அவள் புத்தி அதுவரைக்கும்தான் போனது.

அடுத்த புதன்கிழமை அறக்கட்டளையிலிருந்து அற்புதம் டீச்சர் வந்திருந்தார். குழுவை நடத்தும் ஊழியர் வின்ஸ்டன், கல்லூரி கல்லூரியாகப் பைக்கில் சுற்றுகிறவர், "கெசியா, நீ ஜெபம் பண்ணு கண்ணு" என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"இரக்கமுள்ள தகப்பனே, எங்க சகோதரி கரோலினை உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கிறோம். அவங்க அப்பாவைக் குடியிலிருந்து விடுதலையாக்கும். போன வேலையைத் திரும்பக் கொடும். அந்தக் குடும்பத்தோட வெட்கத்தை மாற்றும், ஆண்டவரே..."

குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, அதுதான் வேடிக்கை. ஒருத்தியைக் கெடுக்கும்போதும் கண்ணீர் வரும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கூட்டம் "ஆமென்" என்றதும் கண்ணைத் திறந்தாள். எதிரே கரோலின் கண்ணை மூடவேயில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேன்டீனில் சொன்னால் அதற்குப் பேர் புறணி. ஜெபத்தில் சொன்னால் பாரம். யார் குற்றம் சொல்ல முடியும்? அற்புதம் டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட மனசு கண்ணு உனக்கு!" என்றார். அன்று கெசியா போனில் அம்மாவிடம், "கட்டாயம் வந்துரும்மா" என்று சொல்லிவிட்டு நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுவாரம் வின்ஸ்டன் கையில் இரண்டு விண்ணப்பங்களோடு எழுந்தார்.

"தலைவர் கரோலின்தானுங்க. அது போன மாசமே முடிவாயிருச்சு. ஆனா ஸ்காலர்ஷிப்பைப் பத்தி இந்தப் பொண்ணு என்ன எழுதியிருந்துச்சு தெரியுங்களா? 'எனக்குத் தேவையில்லை. கெசியாவுக்குக் கொடுங்கள். இந்தக் குழு நடப்பது அவளால்தான்.' நாங்களும் கெசியா பேருக்குத்தான் கையெழுத்துப் போடறதா இருந்தோம்."

கெசியா கரோலினைத் திரும்பிப் பார்த்தாள். வின்ஸ்டன் தொடர்ந்தார்.

"பணம் வேணும்னு கேட்டா ஊட்டு நிலைமையைச் சொல்லோணுமேன்னு மறைச்சுப்போட்டுது. போன வாரம் கெசியா ஜெபிக்கலீன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க. டீச்சர் அன்னிக்கே சொல்லிட்டாங்க, ஸ்காலர்ஷிப்பும் கரோலினுக்கேன்னு. கெசியாவோட ஜெபத்தை ஆண்டவர் கேட்டுட்டாரு. வா கண்ணு, வந்து சாட்சி சொல்லு."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்காகக் கத்தியது.

எண்பது பேர் கைதட்டினார்கள். கெசியா எழுந்தாள். ஆள் ஏற்ற வரும் பனியன் கம்பெனி வேனும், அம்மாவின் குரலும், அந்தக் குட்டி வட்டங்களும் கண்முன் வந்தன. ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும், நல்ல பேராவது மிஞ்சும். கரோலின் அன்று போலவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஜெபம் இல்லீங்கண்ணா," என்றாள் கெசியா. "பொறாமைங்க. அவ சீட்டு எனக்கு வந்துச்சு. அவளுக்குக் கிடைக்கக்கூடாதுன்னுதான் வெளிய சொல்லிப்போட்டேன்."

பின்வரிசையில் ஒருவன் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"தெரியும்," என்றாள் கரோலின். "உக்காரு."

வின்ஸ்டன் இரண்டு விண்ணப்பங்களையும் மடித்துப் பையில் வைத்தார். வழக்கத்தை விடாமல் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, சீட்டு எழுதிப் போடச் சொல்லி முதல் வரிசையில் கொடுத்தார். அது ஒவ்வொரு கையாக மாறி வந்தது. பாய் சுருட்ட வசதியாக எப்போதும் கடைசியில் உட்காருகிறவள் கெசியா.

எண்பது பேரைக் கடந்து அவள் கைக்கு வந்தபோது, பாட்டிலில் ஒரு சீட்டுகூட இல்லை.