சொன்னால் வரக்கூடிய ஆபத்துகள்

பத்தொன்பது வயதில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தெருவே கூடியது, அவள் மட்டும் வரவில்லை. இறங்கும்போது விழுந்து ஆறு வாரம் காலில் கட்டு. படுத்த படுக்கையிலும் சிரித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

இப்போது இருபத்தேழு. பகலில் பெயிண்ட் கிடங்கில் வேலை, மாலையில் தொழிற்சாலைப் பாதுகாப்பு வகுப்பு.

"அன்னிக்குத் தொட்டி மேல ஏறினவன், இன்னிக்கு பல்பு மாத்தச் சொன்னா நாற்காலிக்கு நாலு காலும் சரியா இருக்கான்னு குனிஞ்சு பாக்கறான்" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடத்தான் செய்கிறது.

வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை லிஃப்ட் மேடத்துக்கு. லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்ப்பதால் வந்த பெயர். ஆனால் நான்கு மாடியும் படியேறித்தான் வருவாள். கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்!" என்பாள். அவளைப் பிடித்துப்போய் ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முந்தைய மாதம் சந்தேகமாக இருந்ததால் சேர்க்கவில்லை.

நேற்று கடைசி வகுப்பு. அதற்குப் பிறகு அவளைப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் கிடையாது. எனவே முந்தின நாளே உட்கார்ந்து, வகுப்பில் கொடுத்த ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை நிரப்பினேன்.

செய்யவிருக்கும் வேலை: லிஃப்ட் மேடத்திடம் மனதைச் சொல்வது. ஆபத்து: மறுத்துவிடுவாள். நேரும் வாய்ப்பு: அதிகம். யாருக்குப் பாதிப்பு: எனக்கு. தடுப்பு நடவடிக்கை: சொல்லாமல் இருப்பது.

படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. தொட்டி மேல் நின்றவன் பார்த்திருந்தால் என்னை அங்கிருந்தே தள்ளிவிட்டிருப்பான்.

ஒரு கிடங்கில் என்னென்ன ஆபத்து என்று அதே மாதிரிப் படிவத்தில் எழுதிவரச் சொல்லியிருந்தார் சார். வகுப்பு முடியும்போது எல்லோருடைய கிடங்குப் படிவங்களையும் வாங்கித் தரும்படி அவளிடம் சொன்னார். நானும் கொடுத்தேன். பையை மூடப்போனால், என் கிடங்குப் படிவம் உள்ளேயே இருக்கிறது! நிமிர்ந்தேன். தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் ஒன்றில் நின்றுவிட்டாள். ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள். பேனாவை எடுத்து ஏதோ எழுதி, என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்றவற்றைச் சாரிடம் கொடுத்துப் படியிறங்கிப் போய்விட்டாள்.

திருப்பினேன். 'யாருக்குப் பாதிப்பு' என்ற இடத்தில் 'எனக்கு' என்பதன் பக்கத்தில் அவள் கையெழுத்து: 'எனக்கும்தான். தடுப்பு நடவடிக்கை தவறு.'

கைப்பிடியைத் தொடாமல் நான்கு மாடியும் ஓடி இறங்கினேன். அவள் சாலையைக் கடந்து எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் நின்றாள். நடப்பவர்களுக்கான விளக்கு சிவப்பு. நின்றுவிட்டேன்.

"ஏங்க, ஒரு வண்டிகூட இல்லையே!" என்று கத்தினாள்.

"சிவப்பு எரியுதுங்க! நீங்க வாங்களேன்!"

"எனக்கும் சிவப்புதான் எரியுது!"

பழக்கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு வருடமாகத் தொண்டையில் கிடந்த பழைய குரல் தானாக மேலே வந்தது.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு!"

"தெரியும்! அதான் எழுத்துலயே குடுத்துட்டீங்களே!"

பச்சை விழுந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடந்தேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், எனக்காக, இரண்டு பக்கமும்.