நாய்சம் என்றால் சத்தமில்லை

சோமனூருக்கு வெளியே கோழிக் கழிவைக் காய்ச்சித் தீவனமாக்கும் ஆலை வந்ததிலிருந்து நந்திதாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அழுகிய குடலும் இறகும் கொப்பரையில் வேகும் நாற்றம் சாத்திய கதவைத் தாண்டி வந்தது. சோற்றில் வந்தது, துவைத்த சேலையில் வந்தது. பக்கத்து வீட்டு சாய்ப்ரியா கர்ப்பிணி. குடித்த கஞ்சியும் அவள் வயிற்றில் தங்குவதில்லை.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் நந்திதாதான் தெருவுக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆங்கிலத்தில் புகார் எழுதினாள். வெறும் ஸ்மெல் என்று எழுத மனம் வரவில்லை. பழைய ஆங்கில நாவல்களில் சாக்கடைக்கும் பிணக்கிடங்குக்கும் போடுகிற 'நாய்சம்' (noisome) என்ற சொல்லைப் போட்டாள். குமட்டவைத்து உடம்பையே கெடுக்கிற நாற்றம் என்று அதற்குப் பொருள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கிருபாசங்கர், மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, மறு கையில் ஒரு கருவியை நீட்டியபடி ஆலை வாசலில் நின்றார்.

"ஏனுங்க, அது என்னதுங்க?" என்றாள் நந்திதா.

"சத்தம் அளக்கறதுங்க மேடம். ஊருல ஓடற தறிச் சத்தத்துக்கு மேல இங்க ஒண்ணும் கேக்கலீங்களே. லிமிட்டுக்குள்ளதான் இருக்குது."

"சத்தம்னு யாருங்க சொன்னா?"

"நாய்ஸ்னுதானுங்களே எழுதியிருக்கீங்க?"

"நாய்ஸ் இல்லீங்க, நாய்சம். தொல்லை பண்றதுக்குச் சொல்ற அன்னாய்ங்கற வார்த்தையில இருந்து வந்தது. நாத்தம்னு அர்த்தமுங்க."

"அப்ப ஸ்மெல்லுனே எழுதிப்போட்டிருக்கலாமுங்களே. எழுதுனதைத்தானுங்க நான் பாக்க முடியும்."

கைக்குட்டைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் நந்திதாவுக்கு ஆலையைவிட அதிகமாகக் குமட்டியது. "அப்பறம் எதுக்குங்க மூக்கைப் பொத்தியிருக்கீங்க?"

அவர் கருவியைப் பையில் போடப் போனார். அதற்குள் சாய்ப்ரியா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். "சார், கையை எடுத்துப்போட்டு ஒருக்கா மூச்சை இழுங்க. அப்பறம் என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க."

கூச்சத்தில் அவர் கைக்குட்டையை எடுத்தார். உள்ளே யாரோ கொப்பரையைத் திறந்துவிட, கொழுப்பு மிதக்கும் கொதிநீர் வாய்க்காலில் ஆவி பறக்க வந்தது. சுவரைப் பிடித்துக் குனிந்தவர் வாந்தி எடுத்தார், தன் ஷூ மேலேயே.

நந்திதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரக்கம் வரவில்லை. வாய் கொப்பளித்தவர், காரில் உட்கார்ந்து அறிக்கையில் 'கடும் துர்நாற்றம்' என்று தமிழிலேயே எழுதினார்.

வாய்க்காலை மூடச் சொல்லி ஆலைக்கு உத்தரவு வந்தது. மூடினார்கள், நாற்றம் பாதிதான் குறைந்தது. பிரசவத்துக்குச் சென்னிமலையில் அம்மா வீட்டுக்குப் போன சாய்ப்ரியா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.