நடுவில் ஒருவரை எடுத்தால்

காலைதோறும் நடைவழியில் இருப்பவர்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. கதவைத் தட்டுவேன். கை நீட்டுவார்கள். முத்திரை குத்துவேன். முத்திரை இல்லாதவர்களை மாலையில் துப்புரவு வண்டி ஏற்றிச் செல்லும்.

எங்கள் கணினியின் மேல்மாடியில் ஸ்கிரிப்ட் மொழி பேசுகிறார்கள். அதில் “எல்லோரையும் பார்” என்றால் போதும். கீழே நாங்கள் பேசுவது சி மொழி. இதில் “எல்லோரும்” என்ற சொல் கிடையாது. பூஜ்யம் எண்ணிட்ட அறையில் தொடங்கி ஒவ்வொன்றாக நடக்க வேண்டும். எத்தனை அறை என்று புறப்படும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் கேட்கக் கூடாது. திரும்பவும் கூடாது. என்னோடு வேலை பார்த்த குணசீலன் ஒருமுறை திரும்பினான். இன்னும் பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறான்.

மூன்றாம் அறையில் தாவீது என்ற கிழவர். நான்கில் என் மனைவி பொற்கொடி.

தாவீதுக்கு முத்திரை குத்திவிட்டு, வழக்கம்போல் மேலே போன் செய்தேன். மேலதிகாரி வேதநாயகம் எடுத்தார்.

“மூணுல ஆள் இருக்காரு சார்.”

“அவர் வேண்டாம். எடுத்துடு.”

“நடந்துக்கிட்டு இருக்கேன் சார். முடிச்சிட்டு எடுக்கிறேனே.”

“உன் நடை எனக்கெதுக்கு? எடுய்யா.”

அவரை அறையிலிருந்து எடுத்தேன்.

“முத்திரை நல்லா விழுந்திருந்துச்சு தம்பி,” என்றார் தாவீது. “வீணாப்போச்சு.”

நடைவழி காலி அறையைப் பொறுக்காது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் பாய் தலையணையோடு ஓர் அறை முன்னால் நகர்ந்தார்கள். பொற்கொடி மூன்றுக்கு வந்தாள். மூன்றை நான் முடித்திருந்தேன்.

“என்னங்க, எனக்குக் குத்தல.”

“மூணு முடிஞ்சுது.”

“நான் இங்கதானே நிக்கிறேன்?”

“தெரியுது.”

“தெரிஞ்சுமா போறீங்க?”

கால்கள் நான்கின் முன் நின்றன. மீண்டும் போன் செய்தேன்.

“சார், ஒருத்தங்க விட்டுப்போயிட்டாங்க. கடைசியிலேருந்து நடந்தா யாரும் விட்டுப்போக மாட்டாங்கன்னு போன வருஷமே சொன்னேன்.”

“யோசிச்சோம். மேலேருந்து பாக்க நல்லா இல்ல.”

நடந்தேன். மற்ற எல்லோருக்கும் குத்தினேன். புறப்படும்போது கேட்டுக்கொண்ட எண்ணிக்கைப்படி இன்னும் ஒரு கதவு பாக்கி இருந்தது. எல்லோரும் முன்னால் நகர்ந்துவிட்டதால் அந்த அறை இப்போது யாருடையதும் அல்ல. தட்டினேன். உள்ளிருந்து ஏதோ ஒன்று கை நீட்டியது. விரல்கள் அதிகம். குத்தினேன்.

“எல்லாரும் இருக்காங்களா?” என்றார் வேதநாயகம்.

“இருக்காங்க சார்.”

மாலையில் பொற்கொடியை வண்டியில் ஏற்றினார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

விரல்கள் அதிகமுள்ள அது என் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது. சோறு போட்டேன். உப்பு குறைவு என்றது.