தடம் என்றுதான் சொன்னான்

"எம் பேரு பாண்டிதுரை. வயசு இருவத்திரெண்டு. வீடு செண்பகத்தோப்பு, பளியர் குடியிருப்பு. இப்ப ராஜபாளையத்துல பேண்டேஜ் துணிக் கம்பெனியில தங்கி வேல பாக்கேன்."

இவ்வளவையும் போனிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். லொக்கேஷனைக் காட்டலாமா என்று திரை கேட்டது.

"இது எதுக்கு எடத்தக் கேக்குது?"

"சும்மா கேக்கும் தம்பி. வேண்டாம்னு அமுக்கிருங்க," என்றாள் ஷெரின். ஸ்ரீவில்லிபுத்தூர் அருங்காட்சியகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள்.

"சும்மா கேக்கதுக்கு அது என்ன எங்க மாமனா?"

சுவரில் ஒரு பழைய படம். கொடியால் பின்னிய ஏணியில் தொங்கிக்கொண்டு ஒருவர் தேனெடுக்கிறார். கீழே அட்டையில், 'மலைவாசி. பெயர் தெரியவில்லை.' கிழிந்த காதுமடலை வைத்து, அது தன் தாத்தாதான் என்று பாண்டிதுரையின் அப்பா குருசாமி அடையாளம் சொல்லியிருந்தார். வீட்டில் பாண்டிதுரையைத் தவிர யாருக்கும் எழுத்து தெரியாது. எல்லோருக்குமாக இவன் பேசினால் போனே எழுதிக்கொள்ளும். படத்துக்குப் பக்கத்தில் இவன் குரலும் எழுத்தும் சேர்ந்து வரும். ஷெரின் இரண்டு தடவை விளக்கியும் அவனுக்கு மனசு ஒப்பவில்லை. பெயர் கேட்டு மலைக்கு வந்தவர்கள் எவரும் நல்லதுக்கு வந்ததில்லை.

இருந்தும் பேசினான். படத்தில் இருப்பவர் பெயர் சடையாண்டி என்றான். யானை போன தடம் பார்த்து மலையேறுவதைச் சொன்னான். முடித்துவிட்டுத் திரையை வாசித்தான்.

'எங்க ஆளுக யானைத் தந்தம் பாத்துத்தான் மேல போவாக.'

"தடம்னுதான சொன்னேன்? தந்தம்னு போட்டுருக்கு."

"மிஷினு தப்பா வாங்கிருச்சு. மாத்திரலாம் தம்பி."

"தானா வாங்குச்சா, வாங்க வச்சீகளா? எங்கய்யா பாரஸ்ட்ல வாட்சரு மேடம். டெம்பரவரி. ஒருத்தன் இதப் படிச்சாப் போதும், அவியள வீட்டுக்கு அனுப்பிருவாக."

ஷெரின் உடனே வார்த்தையைத் திருத்திக் காட்டினாள். அவன் விடவில்லை.

"இங்கிலீசு, தெலுங்குன்னு அதுவே மாத்தும்னீகளே. அதுல என்ன போடும்?"

"தெலுங்கு எனக்கும் வாசிக்கத் தெரியாது."

"அப்ப எல்லாத்தையும் அழிங்க."

"அழிக்கேன். ஆனா பழைய அட்டைதான் நிக்கும். அது உங்களுக்குச் சம்மதமா?"

அவன் அப்பாவுக்குப் போன் போட்டான். நடந்ததையெல்லாம் கேட்ட குருசாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏலே, பேரு சரியா விழுந்துருக்கா?"

"விழுந்துருக்குய்யா."

"அப்ப கெடக்கட்டும். எவனாச்சும் கேட்டா நான் பேசிக்கிறேன். எங்க தாத்தன் பேரு இல்லாமத் தொங்குனது போதும்லே."

மற்ற மொழிகளை நிறுத்தும்படி ஷெரினிடம் சொல்லி, நிறுத்தியதைத் தன் கண்ணால் பார்த்தான். தடம் என்ற சொல்லை எழுத்துக் கூட்டி மூன்று முறை வாசித்தான். பிறகு போனிடம் பேசாமல், விரலாலேயே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அடியில் சேர்த்தான்:

'இத வாசிக்கிறவுக எழுத்த மட்டும் நம்பிராதீக. ஒருதரம் என் கொரலையும் கேளுங்க.'