கால்சியம் இல்லாத தண்ணீர்

…பொய்யனாம், நான் பொய்யனாம், அதையும் பேராசிரியர் ராமசேஷன் உரக்கச் சொல்லவில்லை, இரக்கத்தோடு சொன்னார், அதுதான் பொறுக்கவில்லை. "சம்சாரம் போன துக்கத்துல கை தடுமாறியிருக்கும்யா, இல்லேன்னா முந்தி எழுதினது உம்ம கைச்சரக்கு. எதுன்னு நீரே சொல்லிரும்." அதுவரை ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டாராம். இரண்டு வருஷம் நெல்லின் குலைநோய்ப் பூஞ்சையோடு கிடந்தவன் நான். வித்து இலைமேல் விழுகிறது, முளைக்கிறது, கொஞ்சம் கால்சியம் உள்ளே புகுந்தால்தான் இலையைத் துளைக்க உத்தரவு பிறக்கிறது, மிஞ்சியதை வெளியே தள்ளுகிறது, தனக்குள்ளேயே ஒரு சிற்றறையில் பூட்டி வைக்கிறது, அந்த நிதானம் எத்தனை மனுஷருக்கு உண்டு? கால்சியம் சேர்க்காத தண்ணீரில் முன்பெல்லாம் ஒரு வித்துகூடத் துளைக்கத் தயாரானதில்லை. இப்போது நூற்றுக்கு எண்பது. நுண்ணோக்கியில் கண்டதைத்தானே எழுதினேன்? கல்யாணசுந்தரி ஜூலையில் காமாலையில் போனாள், படுத்துப் பத்தே நாள், எனக்கு அழக்கூட வரவில்லை, பதினேழாம் நாள் ஆய்வகத்துக்குப் போய்விட்டேன், என்னையா துக்கத்தில் தடுமாறியவன் என்கிறார்…

பருப்பு வேறு வேகமாட்டேன் என்கிறது, ஒரு மணி நேரமாகக் கொதிக்கிறது, கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான், இளைத்தவன் என்றால் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது… பக்கத்து வீட்டு ஹாஜரா பீவி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "கிணத்துத் தண்ணியிலயா பருப்பு போட்டிய தம்பி? நாளைக்கு வரைக்கும் கொதிச்சாலும் கல்லாத்தான் கெடக்கும். சுண்ணாம்புத் தண்ணிலா இது." வேறு எந்தத் தண்ணீர் என்றேன். "ஒங்க வீட்டுப் பானையில என்னைக்கு இந்தத் தண்ணி இருந்துச்சு? அவ குத்தாலத்துக்கு பஸ் ஏறிப் போயிலா அருவித் தண்ணி ரெண்டு கேன் தூக்கிட்டு வருவா. தண்ணிக்கும் டிக்கெட் எடுன்னு கண்டக்டர் கேக்கான்னு சொல்லிச் சிரிப்பா. தெரியாதாக்கும்?"

தெரியாது. பானை நிறைந்திருக்கும், மொண்டுகொள்வேன். கல்லூரியில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கலன் பழுதானதிலிருந்து அந்தப் பானைத் தண்ணீரைத்தான் கொதிக்கவைத்து வடிகட்டிச் சோதனைக்குக் கொண்டுபோனேன், குறிப்பேட்டில் காய்ச்சி வடித்த நீர் என்று எழுதினேன், யார்தான் எழுதவில்லை… அவள் போனபின் கிணற்றில் நானே இறைத்து நிரப்பினேன். சுண்ணாம்பில் இருப்பது கால்சியம்தானே, அப்படியானால் இரண்டு முடிவும் உண்மை, ராமசேஷன் மேசைமேல் குறிப்பேட்டை விரித்துக் காட்ட வேண்டும், தண்ணீர் மாறிய தேதி இதோ என்று. அடுப்பை அணைத்துவிட்டு ஏட்டைப் புரட்டினேன். தேதி ஜூலையில் இல்லை. மே இருபத்தெட்டிலேயே எண்பது. ஜூன் இரண்டு, ஒன்பது, பதினாறு, எல்லாம் எண்பதுக்கு மேல், எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்து, கண்ணாடித் தட்டு சுத்தமில்லை என்று ஓரத்தில் எழுதி ஒதுக்கியிருக்கிறேன். அப்போதே பானையில் கிணற்றுத் தண்ணீர்தானா, அப்போதே அவளால் கேன் தூக்க முடியவில்லையா… கண் மஞ்சளாக இருந்ததை நான் பார்த்தது ஜூலை நாலில். அதற்கு முன்னால் அவள் கண்ணை எப்போது பார்த்தேன்…