மூலத்தில் இல்லாத ஏழாம் பாட்டு

நாளை மாலை புடாபெஸ்ட் மேடையில் ஜோர்ஜியக் கவிஞர் ஜூராப் தன் அணைக்கட்டுக் கவிதையைத் தாய்மொழியிலேயே வாசிக்கப்போகிறார். கூட்டம் காத்திருப்பது ஏழாம் பாட்டுக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அது மனப்பாடம். சிக்கல் என்னவென்றால், ஜூராப் எழுதியது ஆறே பாட்டு.

ஏழாவதை எழுதியவர் அதை ஹங்கேரியத்தில் மொழிபெயர்த்த வெண்டல். அவருடைய சொந்தக் கவிதைகளை அச்சிட அரசு விடவில்லை. மொழிபெயர்க்க மட்டும் விட்டிருந்தது. எங்கள் ஊரில் அந்த வேலை நடக்கும் விதமே அலாதி. மொழி தெரிந்தவர் சொல்லுக்குச் சொல் உரைநடையாக எழுதி, எதுகை எங்கே, அசை எத்தனை என்று ஓரத்தில் குறித்துத் தருவார். மொழி தெரியாத கவிஞர் அதைக் கவிதையாக்குவார். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது ஆள் கிடையாது.

சிமென்டும் டர்பைனுமாக ஓடிய அந்தக் கவிதையில், மூழ்கிப்போன ஊருக்கு மேலே படகில் போய்த் தன் வீட்டு வாசலைத் தேடும் ஒருத்தியை வெண்டல் சேர்த்துவிட்டார். ‘ஜோர்ஜிய மண்ணில் மட்டுமே பிறக்கக்கூடிய வரிகள்’ என்று விமர்சகர்கள் உருகினார்கள்.

“நான் எழுதிக் கொடுத்ததுல படகு ஏது, கவிஞரே?” என்றாள் ஜோர்ஜியம் தெரிந்த இபோயா.

“முடிவுல கொஞ்சம் காலியா இருந்துச்சும்மா.”

“இப்ப உங்க நாற்காலி காலியாகப் போகுது. இந்த வேலையும் போனா என்ன செய்வீங்க? உருளைக்கிழங்கு உரிப்பீங்களா?”

“அதுக்கும் மேலிடத்து அனுமதி வேணுமே.”

வேறு வழியில்லாமல் இருவரும் ஜூராப் தங்கியிருந்த விடுதிக்குப் போனார்கள். வெண்டல் செய்ததை ஒப்புக்கொண்டார். இபோயா அதை ஜோர்ஜியத்தில் சொன்னாள். ஜூராப் கையிலிருந்த பழச்சாராயத்தைக் கீழே வைத்தார்.

“நீங்கதானா அது! இங்கேருந்து வர்ற கடிதமெல்லாம் படகுல போறவளைப் பத்தியே கேக்குது. யாருடா இந்தப் பொம்பளைன்னு என் புத்தகத்துலயே தேடிக்கிட்டிருக்கேன். உண்மை வெளிய வந்தா உங்களுக்கு வேலை போகும், எனக்குப் பேரு போகும். அந்த வரிகளைச் சொல்லுங்க.”

இபோயா சொல்லுக்குச் சொல் ஜோர்ஜியத்தில் சொன்னாள். எதுகை விழும் இடங்களை வெண்டல் மேசையில் தட்டிக் காட்டினார். ஹங்கேரியம் தெரியாத ஜூராப் அதைக் கவிதையாக்கினார்.

மறுநாள் ஜூராப் ஏழு பாட்டையும் வாசித்தார். ஊர் திரும்பியதும் அடுத்த பதிப்பில் ஏழாவதையும் சேர்த்துவிட்டார். இப்போது மொழிபெயர்ப்பு மூலத்தோடு வரிக்கு வரி பொருந்துகிறது.